மலைச்சரிவில் மழைநீர்

மதுரையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை, ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடிப் போடிநாயக்கனூரில் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் வண்டி செல்ல வழியில்லை. எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை மதில்போல் எழுந்து நிற்கிறது. ஊர் கடல்மட்டத்திற்கு மேல் 350 மீட்டர் அளவு உயரத்தில் உள்ளது. அங்கிருந்து புறப்படும் மலைச்சாலை, கொண்டையூசி வளைவுகள் பலவற்றைக் கடந்து, போடிமெட்டு என்னும் இடத்தில் 1,300 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தை அடைந்து கேரளத்திற்குள் புகுகிறது. அச்சரிவுகளிலும் அவற்றிற்கு அப்பாலும் பரந்து கிடப்பவையே ஏலமலைகள். நெடிய மரங்களின் நிழலில் ஆள் உயரத்திற்கும் மேலாக ஏலச்செடிகள் அடர்ந்து நிற்கும். அவற்றின் அடியில், தரையை ஒட்டிப் படரும் கொத்துகளில் காய் காய்க்கும். காய்கள் பறிக்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, மூட்டைகளாகிப் போடிக்கு வந்து ஏலத்தில் விலைபோகும். ஏலம் என்னும் ஒரே சொல் பயிரையும் குறிக்கிறது, விற்கும் முறையையும் குறிக்கிறது. எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்கு இது ஓயாத வேடிக்கை.

ஏலம் மழையை விரும்பும் பயிர். ஆனால் மழையோ மலையின் இருபுறத்திற்கும் ஒன்றுபோல் பெய்வதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, தான் சுமந்துவரும் நீரையெல்லாம் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. மூணாற்றுப் பக்கத்தில் ஆண்டு ஒன்றிற்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேலாக மழை பெய்கிறது. அதே நாள்களில் போடியில் காற்று ஊளையிடும், தெருப்புழுதி கண்ணில் விழும், மலையுச்சியில் கருமேகம் தங்கியிருப்பதை அண்ணாந்து பார்க்கலாம், துளி விழாது. நம் பக்கத்துச் சரிவுகளுக்கு உரிய மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. அப்பொழுது நண்பகலுக்குப் பின் இடி முழங்கும். மாலைக்குள் மலையெங்கும் வெள்ளிக்கோடுகளாக ஓடைகள் இறங்கும். கொட்டகுடி ஆறு செந்நிறமாகப் பெருகி வையையை நாடிச் செல்லும்.

மலைமழையின் வலிமையை அறிய ஒரு பழைய நிகழ்ச்சியை இங்கே கூறலாம். ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு இருப்புப்பாதை வழியாக டாப் ஸ்டேஷன் என்னும் மலைமுகட்டிற்கு வந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியவாறு கீழேயுள்ள கொட்டகுடிக்கு இறங்கியது. பின்னர் மாட்டுவண்டியில் போடிக்குச் சென்றது. 1924-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெய்த பெருமழை அவ்விருப்புப்பாதையை அழித்துவிட்டது. அது மீண்டும் போடப்படவேயில்லை. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் இன்றும் வழங்குகிறது.

இத்துணை மழை பெய்யும் இடத்தில் குடிநீருக்குத் தட்டுப்பாடு உண்டாகுமா என்று நீங்கள் கேட்கலாம். உண்டாகும். அதை நான் கண்கூடாகக் கண்டேன்.

ஓர் ஐப்பசித் திங்களில் எங்கள் பள்ளிச் சாரணர் பதினாறு பேரை அழைத்துக்கொண்டு, போடிமெட்டுச் சாலையை விட்டுச் சற்று விலகியிருந்த ஒரு தோட்டத்தில், உரியவர் இசைவு பெற்று, மூன்று நாள் பாசறை அமைத்தேன். அருகிலேயே ஓடை இருந்ததால் தண்ணீரைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. முதல்நாள் இரவு நல்ல மழை. விடிந்ததும் பார்த்தால் ஓடை காப்பி நிறத்தில் நுரைத்து ஓடிற்று. இருட்டும்பொழுதே வெளியில் வைத்திருந்த குடத்தை ஒரு மாணவன் ஆவலோடு சாய்த்தான். இரவெல்லாம் கொட்டிய மழையில் அக்குடத்திற்குக் கிடைத்தது ஓர் ஆழாக்குக்கும் குறைவான நீர்! எங்களிடம் மீதியிருந்ததோ ஒரு வாளித் தண்ணீர்.

"ஓடைத் தண்ணீரைத் தெளியவைத்துக் காய்ச்சிக் குடிப்போம்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபொழுது தோட்டத்துக் காவற்காரர் வந்தார், வயது முதிர்ந்தவர். "வாத்தியாரையா, அந்த ஓடையைத் தொடாதீர்கள். மேலே முந்தாநாள்தான் மருந்து அடித்தார்கள். நேற்றைய மழையில் எல்லாம் இறங்கியிருக்கும்" என்றார்.

அவர் கூறியதன் பொருளை நாம் நன்கு உணரவேண்டும். ஏலச்செடியை இலைப்பேனும் தண்டுத்துளைப்பானும் ஓயாமல் தாக்குகின்றன. ஆதலால், நம் நாட்டில் பூச்சிமருந்து மிகுதியாகத் தெளிக்கப்படும் பயிர்களுள் ஏலமும் ஒன்றாகிவிட்டது. இலையிலும் மண்ணிலும் தங்கிய மருந்தை மழைநீர் கழுவிக்கொண்டு பள்ளத்தை நோக்கி ஓடுகிறது. நீரைக் கொதிக்கவைத்தால் நோய்க்கிருமிகள் மடியும். பூச்சிமருந்தோ எளிதில் அகலாது. நெடுநேரம் கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகிக் குறையுமேயன்றி, நஞ்சு அதில் தங்கிப் பின்னும் செறிவாகும். மணலும் கரியும் இட்ட வடிகலத்தை நம்பியும் அந்நீரைப் பருகலாகாது. தெளிந்து ஓடும் ஓடையாயினும் இதே நிலைதான். நஞ்சு கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே, தோட்டங்களுக்குக் கீழே தங்குவோர், ஊரிலிருந்து சுமந்து வந்த நீரை நம்பவேண்டும். இல்லையேல், மழையை மண்ணில் விழுமுன் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எப்படிப் பிடிப்பது? குடம் ஏன் நிறையவில்லை என்பதை அறிந்தால் விடை தானே கிடைக்கும்.

மழையளவை மில்லிமீட்டர் என்னும் நீட்டலளவையால் கூறுகிறோம். பத்து மில்லிமீட்டர் மழை பெய்தது என்றால், விழுந்த நீர் ஓடாமலும் ஊறாமலும் ஆவியாகாமலும் தரைமேல் அப்படியே நின்றிருக்குமாயின் பத்து மில்லிமீட்டர் உயரம் நின்றிருக்கும் என்பது பொருள். இப்பொழுது நீளம் ஒரு மீட்டர், அகலம் ஒரு மீட்டர் உள்ள ஒரு தட்டை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நீர் நின்றால் அதன் கன அளவு என்ன? நூறு சென்டிமீட்டரை நூறு சென்டிமீட்டரால் பெருக்கி, அதனைப் பத்தில் ஒரு சென்டிமீட்டரால் பெருக்கினால், 1,000 கன சென்டிமீட்டர் வரும். அது சரியாக ஒரு லிட்டர். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் மழை, ஒரு லிட்டர் நீர். இந்த ஒரு கணக்கை மனத்திற் கொண்டால் போதும்.

எங்கள் குடத்தின் வயிறு பெரிது. வாயோ 10 சென்டிமீட்டர் குறுக்களவே உடையது. அவ்வாயின் பரப்பு 79 சதுர சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அன்றிரவு 20 மில்லிமீட்டர் மழை பெய்ததாகக் கொண்டால், அவ்வாய் வழியே புகுந்திருக்கக் கூடியது 157 கன சென்டிமீட்டர் நீரே. ஓர் ஆழாக்கு என்பது ஏறக்குறைய 168 கன சென்டிமீட்டர். குடத்தின்மேல் குற்றமில்லை! அது தன் வாய்க்கு உரிய பங்கைப் பெற்றுக்கொண்டது. மழைநீரைப் பிடிக்க வேண்டுமானால், முதலில் வேண்டியது பெரிய கலம் அன்று; அகன்ற வாய். அவ்வாயை நாமே செய்துகொள்ளலாம்.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். நல்ல குடிநீர் அரிதாக உள்ள ஊர்களில், மழை வந்ததும் வெளுத்த வேட்டியொன்றை முற்றத்தில் நான்கு கழிகளில் நான்கு முனைகளையும் சேர்த்துக் கட்டுவர். நடுவில் தூய கூழாங்கல் ஒன்றை இடுவர். துணி அவ்விடத்தில் குழிந்து தொங்கும். அக்குழியின் நேர்கீழே குடத்தை வைத்தால், துணி முழுவதிலும் விழுந்த நீர் நடுவில் கூடி, வடிந்து குடத்தில் இறங்கும். நான்கு முழ வேட்டியே குடத்தின் வாயைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு பரப்புடையது. துணி முதலில் தான் நனையவேண்டிய அளவு நீரைக் குடித்துவிடும் என்பதும், பெருமழையில் சிறிது நீர் கண்களின் வழியே ஆங்காங்கே சொட்டிவிடும் என்பதும் இதன் குறைகள். எனினும் வீட்டில் உள்ள பொருளைக் கொண்டு ஒரு நொடியில் செய்யத்தக்கது.

காவற்காரர் எங்களுக்குக் காட்டியது படுதா. ஏலமலையில் படுதா இல்லாத குடிசையைக் காண்பது அரிது. விறகை மூடவும், கூரை ஒழுகினால் போர்த்தவும், காயைக் காக்கவும் அது உதவுகிறது. அதைவிடப் பெரிய தொழில் ஒன்றும் அதற்கு உண்டு. கோடையில் ஏலத்திற்கு நீர் பாய்ச்சுவதற்காக, இடுக்கிப் பக்கத்துத் தோட்டங்களில் பெரிய பள்ளங்களை வெட்டி, அவற்றில் தடித்த பிளாஸ்டிக் படுதாவை விரித்து, மழைநீரைத் தேக்கிவைக்கின்றனர். இவற்றைப் படுதாக்குளம் என்கின்றனர். மலைமண்ணில் வெட்டிய குளத்தில் நீர் ஊறிப் போய்விடும். படுதா அதனைத் தடுத்து நிறுத்துகிறது. மிகவும் பயனுள்ள அமைப்புத்தான். ஆனால் சிறுவர்கள் அதன் கரைக்கும் செல்லலாகாது. சரிவான பிளாஸ்டிக், பாசி படிந்து எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். உள்ளே விழுந்தவர்க்குப் பற்றிக்கொள்ள ஒரு கல்லும் கிடையாது. ஒரு வேரும் கிடையாது. நீந்தத் தெரிந்தவரும் கரையேற முடியாமல் களைத்துவிடுவர்.

இனிப் பாசறைக்கு வருவோம். நாங்கள் மூன்று மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் நீளமும் உள்ள படுதாவைப் பயன்படுத்தினோம். உரம் அல்லது பூச்சிமருந்து மூட்டைகளைப் போர்த்திய படுதா எவ்வளவு கழுவினாலும் இப்பணிக்கு ஆகாது. கூடாரத்தோடு கொண்டுவந்த புதுப்படுதாவே இதற்கு ஏற்றது.

இடத்தைத் தேர்வதில் பெரும்பாலோர் தவறு செய்கின்றனர். இரண்டு மரங்களுக்கிடையே கட்டுவது எளிது. ஆயின் மரத்தடியில் விழுவது வானத்து மழையன்று, மரத்து மழை. இலையில் படிந்த தூசியும் பறவை எச்சமும் மருந்தும் அதனோடு வரும். மழை நின்ற பின்னும் அரைமணி நேரம் சொட்டும் அந்நீரைக் கண்டு மகிழவேண்டா. ஆகவே, கிளைகளின் நிழல் எட்டாத வெட்டவெளியில் மூங்கிற் கழிகளை நட்டே கட்டவேண்டும். மருந்து தெளிப்போர் அருகே உள்ள நாளில் படுதாவைச் சுருட்டி உள்ளே வைத்துவிட வேண்டும். காற்றில் மிதந்து வரும் சாரல் அதன்மேல் படியும். ஓடைப்படுகையில் கூடாரம் அடிப்பதோ எக்காலத்தும் கூடாது. நாம் இருக்கும் இடத்தில் ஒரு துளியும் பெய்யாதபொழுதே, மேலே பெய்த மழையால் காட்டாறு வந்துவிடும்.

படுதாவின் மேல்விளிம்பை மார்பளவு உயரத்திலும், கீழ்விளிம்பை முழங்கால் உயரத்திலும் கட்டினோம். கீழ்விளிம்பின் நடுவில் ஒரு கயிறு கட்டி அதைத் தரையிலுள்ள முளையோடு இழுத்துப் பிணைத்தோம். அப்பொழுது இருபக்கத்து நீரும் நடுவே கூடி, தூம்பிலிருந்து விழுவதுபோல் ஓரிடத்தில் விழும். முனைகளில் துளையில்லாத படுதாவைக் கட்டுவதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிய உருண்டைக் கல்லை முனையில் வைத்து, படுதாவால் அதனை மூடி, கல்லின் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட வேண்டும். எவ்வளவு இழுத்தாலும் நழுவாது, படுதாவும் கிழியாது. இதனைக் காவற்காரர் செய்து காட்டியபொழுது, முடிச்சுப் போடுவதில் பதக்கம் பெற்ற எங்கள் சாரணர்கள் வாய் திறக்கவில்லை.

படுதா தொய்வாக இருத்தலும் ஆகாது. தொய்ந்த இடத்தில் நீர் தேங்கும். தேங்கத் தேங்க அவ்விடம் மேலும் தொய்யும். ஐம்பது லிட்டர் நீர் ஐம்பது கிலோகிராம் எடையாதலால், சிறிது நேரத்தில் கழிகள் சாயும். எங்கள் முதல் முயற்சி இவ்வாறே முடிந்தது. நீர் முழுவதும் சமையலுக்கு நின்றவன் தலையில் கொட்டிற்று. இரண்டாம் முறை சரிவை மிகுத்து, கயிறுகளை முறுக்கிக் கட்டினோம். காற்று மிகுந்தால் கழிகளைத் தாழ்த்திக்கொள்ளலாம். மின்னலும் இடியும் இருக்கும்பொழுது மட்டும் எவரும் வெளியே சென்று படுதாவைத் தொடுதல் கூடாது. நீர் போனால் போகட்டும்.

விழும் நீரைக் கலத்திற்குக் கொண்டுசெல்ல மூங்கிலைவிட நல்ல கருவி இல்லை. நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உட்கணுக்களைத் தட்டிக் களைந்தால் வாய்க்கால் ஆயத்தம். ஒரு மீட்டர் நீளத்திற்கு இரண்டு சென்டிமீட்டர் சாய்வு போதும். மிகுதியாகச் சாய்த்தால் நீர் துள்ளி வெளியே தெறிக்கும். மேகாலயத்தில் காசி, ஜயந்தியா மலைவாழ் மக்கள் இத்தகைய மூங்கில் வாய்க்கால்களை ஒன்றோடொன்று பொருத்தி, நெடுந்தொலைவிலுள்ள சுனைநீரை வெற்றிலைக் கொடியின் வேரில் துளித்துளியாக விழச் செய்கின்றனர்.

முதல் நீரை வீணாக்குவதுபோல் தோன்றும் ஒரு செயலைத் தவறாமல் செய்யவேண்டும். மழை தொடங்கியதும் வரும் நீர் படுதாவைக் கழுவிய நீர். காற்றிலிருந்த புகையும் தூசியும் அதில் உண்டு. ஒரு மில்லிமீட்டர் மழையளவு நீரையேனும், அதாவது எங்கள் படுதாவிற்குப் பன்னிரண்டு லிட்டரையேனும், தனிவாளியில் விட்டுவிட்டு, அதன் பின்பே குடத்தை வைக்கவேண்டும். அவ்வாளி நீர் கால் கழுவவும் பாத்திரம் துலக்கவும் பயன்படும். நெடுநாள் வறட்சிக்குப் பின் வரும் முதல் மழையானால் இன்னும் மிகுதியாக விடவேண்டும்.

பொறுமையற்ற மாணவன் ஒருவன், "எவ்வளவு பெய்தது என்று நமக்கு எப்படித் தெரியும், ஐயா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான தகரக்குவளை ஒன்றை வெட்டவெளியில் சமமான கல்லின்மேல் வையுங்கள். அதில் நின்ற நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தால் அதுவே மழையளவு. குவளை அகலமானால் மிகுதியாகவும் ஒடுங்கினால் குறைவாகவும் காட்டாதோ என்று அவன் ஐயுற்றான். அகன்ற குவளையில் விழும் நீர் மிகுதி. அது பரவி நிற்கும் இடமும் மிகுதி. ஆதலால் உயரம் மாறாது. அவன் இதனை நம்பவில்லை. மாலையில் பெரிதும் சிறிதுமாக மூன்று குவளைகளை வைத்து அளந்த பின்புதான் நம்பினான். அவன் நம்பாததே எனக்கு மகிழ்ச்சி.

அன்று மாலை மழையில் குவளைகள் பத்து மில்லிமீட்டர் காட்டின. படுதாவின் பரப்பு பன்னிரண்டு சதுர மீட்டர். எனவே விழுந்தது 120 லிட்டர். கழுவுநீராக விட்டது 12 போக 108. தெறித்தும் காற்றில் சிதறியும் போவது ஐந்தில் ஒரு பங்கு என்று தள்ளினால், எஞ்சுவது ஏறக்குறைய 86 லிட்டர். நாங்கள் நிரப்பியதோ பன்னிரண்டு லிட்டர் கொள்ளும் குடங்கள் ஆறும், ஏழாவதில் பாதியும். கணக்குக்கும் குடத்திற்கும் இருந்த வேறுபாட்டிற்குக் காரணம் பின்னர்ப் புலப்பட்டது. சரிவாகக் கட்டிய படுதா தன் முழுப்பரப்பாலும் மழையைப் பிடிப்பதில்லை. உச்சிவெயிலில் அதன் நிழல் தரையில் எவ்வளவு விழுமோ அவ்வளவையே பிடிக்கும். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாள் ஒன்றிற்கு நான்கு லிட்டர் என்று கொண்டால், பதினாறு மாணவர்க்கு 64 லிட்டர் வேண்டும். அதற்கு மேலும் எனக்கும் காவற்காரருக்கும் இருந்தது.

பிடித்த நீரை அப்படியே பருகலாமா? வானத்து நீர் தூயது என்பது பொதுவாக உண்மையே. ஆனால் படுதா, மூங்கில், குடம், நம் கைகள் ஆகிய நான்கையும் அது தொட்டுவிட்டது. ஒரு பறவை எச்சம் போதும், வயிற்றுநோய் உண்டாக்க. முதலில் நீரை வடிகட்ட வேண்டும். துவைத்த பழைய பருத்திச்சேலையை நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டுவதே போதுமானது. இம்முறை எளியது என்று இகழத்தக்கதன்று. வங்காள தேசத்துச் சிற்றூர்களில், ஆற்றுநீரையும் குளத்துநீரையும் மடித்த சேலையில் வடிகட்டிய வீடுகளில் காலராநோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாக 2003-இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. எனினும் பாதி எஞ்சியது அன்றோ? ஆதலால், வடிகட்டிய பின் நீரைக் கொதிக்கவைத்தே ஆகவேண்டும். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். போடிமெட்டு உயரத்தில் அது ஏறக்குறைய 95 அல்லது 96 பாகை செல்சியசில் கொதித்துவிடுகிறது. அவ்வெப்பமும் கிருமிகளைக் கொல்லப் போதுமானது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரமானால் மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும்.

மழையில் நனைந்த விறகு எரியாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஊரிலிருந்து ஓர் அடுப்பைச் சுமந்து செல்வதே அறிவுடைமை. காப்புக்காட்டில் தீ மூட்டுதல் குற்றம். அங்கே வனத்துறையின் இசைவின்றி நுழைவதும் கூடாது. மழைக்காலத்தில் இவ்விதி மிகையாகத் தோன்றலாம். ஆனால் மாசியிலும் பங்குனியிலும் இதே சரிவுகளில் புல் காய்ந்து சருகாகிவிடும். 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அம்மாதங்களில் மழைநீரும் கிடையாது. அப்பக்கம் பாசறையும் வேண்டா.

காய்ச்சி ஆறிய மழைநீருக்குச் சுவையில்லை என்று மாணவர்கள் முகம் சுளித்தனர். நிலத்தடி நீரில் கரைந்துள்ள உப்புகள் அதில் இல்லை. கொதிக்கும்பொழுது கரைந்திருந்த காற்றும் போய்விடுகிறது. தேநீர்க்கடைக்காரர் ஆற்றுவதுபோல் இரண்டு பாத்திரங்களில் மாற்றி மாற்றி உயர ஊற்றினால் காற்றுக் கலந்து ஓரளவு சுவை மீளும். ஆனால் அன்று பகலில் பருப்பு வைத்தபொழுது ஒருவரும் குறைகூறவில்லை. ஊர்க்கிணற்றின் கடின நீரில் நெடுநேரம் அடம்பிடிக்கும் துவரம்பருப்பு, மழைநீரில் மெழுகாகக் கரைந்துவிட்டது. கை கழுவச் சென்றவர்கள் சவர்க்காரம் நுரைத்ததைக் கண்டு மீண்டும் மீண்டும் கழுவி நீரைச் செலவழித்ததால், அதற்கு ஒரு காவல் போட நேர்ந்தது.

குடங்களை மூடியே வைக்கவேண்டும். தெளிந்த நீரையே நாடி முட்டையிடும் கொசுவினம் ஒன்று உண்டு. டெங்குக் காய்ச்சலைப் பரப்புவது அதுவே. முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் அல்லது பத்து நாள் ஆகுமாதலால், மூன்று நாள் தங்குபவருக்கு அதனால் உடனே தீங்கில்லை. தீங்கு, நாம் விட்டுச்செல்லும் குவளையிலும் சிரட்டையிலும் தங்கும் நீரால் அங்கே வாழ்பவர்க்கு நேரும். புறப்படும் நாளில் பாசறையைச் சுற்றி வந்து, நீர் தங்கிய ஒவ்வொன்றையும் கவிழ்த்துவிட்டே இறங்கினோம்.

மழை பெய்யாமல் மூடுபனி மட்டும் தவழும் நாள்களும் அம்மலையில் உண்டு. அப்பொழுதும் கூடாரக் கயிற்றிலிருந்து நீர் சொட்டுவதை மாணவர்கள் கண்டு வியந்தனர். மழையே அரிதாகப் பெய்யும் சிலி நாட்டின் சுங்குங்கோ என்னும் கடற்கரைச் சிற்றூரில், 1990-களில் மலைமேல் பெரிய வலைகளை விரித்து, பனியிலிருந்து ஊருக்கே குடிநீர் எடுத்தனர். எங்கள் கூடாரக் கயிறு காலை முழுவதும் சொட்டியது அரைக்குவளை. அதற்கு அவ்வளவு பெரிய வலை ஏன் வேண்டும் என்பது அதைப் பார்த்ததுமே விளங்கிற்று.

மூன்றாம் நாள் முற்பகலில் படுதாவை அவிழ்த்தோம். நனைந்த படுதாவை மடித்துவைத்தால் பூஞ்சணம் பிடித்து நாறும். மறுமுறை அதில் விழும் நீரும் நாறும். மலையிலோ அதை உலர்த்த வெயில் இல்லை. ஆகவே, ஈரத்தோடு சுருட்டிக் கொண்டுவந்து, போடியில் பள்ளி விளையாட்டுத் திடலில் விரித்தோம். அங்கே வெயில் சுள்ளென்று காய்ந்துகொண்டிருந்தது. கால்மணி நேரத்தில் படுதா உலர்ந்து மடிக்க ஏற்றதாயிற்று. மேற்கே பார்த்தோம். நாங்கள் விட்டுவந்த சரிவை மேகம் மூடியிருந்தது. காவற்காரரிடம் கொடுத்துவிட்டு வந்த மூங்கில் வாய்க்காலில் இந்நேரம் நீர் ஓடிக்கொண்டிருக்கும் என்று ஒரு மாணவன் சொன்னான். முதல் ஒரு மில்லிமீட்டரைக் கீழே விட்டாரோ இல்லையோ என்று இன்னொருவன் கவலைப்பட்டான்.